பதிவு செய்யாத அளவீடு

உட்காருங்கள் சார், அது யாருடைய இடமும் இல்லை. அந்த ஓரத்தில் மட்டும் சாயாதீர்கள், பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. வந்ததும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். தொழில் புத்தி. எடை எங்கே விழுகிறது என்று பார்க்காமல் எனக்கு ஒரு பெஞ்சில்கூட உட்கார வராது.

உங்கள் டோக்கன் எத்தனை? ஐம்பத்தொன்றா. என்னுடையது நாற்பத்தேழு. இப்போது முப்பத்தெட்டு ஓடுகிறது. ஒரு டோக்கனுக்குச் சராசரியாக ஆறு நிமிடம். நடுவில் ஜன்னலில் இருக்கும் அந்த அம்மா டீ குடிக்க எழுந்து போவது பன்னிரண்டு நிமிடம். ஆக எனக்கு ஒரு மணி ஆறு நிமிடம், உங்களுக்கு அதற்கு மேல் இருபத்து நான்கு. இயற்பியல் பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தால் இதெல்லாம் இலவசம்.

நீங்கள் பிறப்பா, இறப்பா?

ஓ. அப்பாவா. சரி, சரி. வயதானவராகத்தான் இருப்பார். நான் பிறப்பு. மகளுக்குப் பெயர் சேர்க்க வந்தேன். நகராட்சியில் இரண்டுக்கும் ஒரே ஜன்னல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வரவும் செலவும் ஒரே கவுண்டரில்.

இன்னும் ஒன்பது நாளில் அவளுக்கு ஒரு வயது. ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, தாண்டினால் அபராதம். 'ஒரு வருடமாகப் பிள்ளைக்குப் பெயரில்லையா' என்பது போலப் பார்க்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நியூட்ரினோவைக் கண்டுபிடித்து, அதற்குப் பெயர் வைத்து, அப்புறம்தான் அது நிஜமாகவே இருக்கிறதா என்று தேடினார்கள், கால் நூற்றாண்டு ஆயிற்று. பெயர் வைத்து, பிறகு கண்டுபிடித்து... வரிசை குழம்புகிறது, விடுங்கள். அவசரப்பட ஒன்றுமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதில் பிறந்த குழந்தை சார். பதினோரு வருடக் காத்திருப்பு. கோயில், குளம், பரிகாரம் என்று எதற்கும் நான் போகவில்லை. மனைவி போனாள். அவள் போனதை நான் தடுக்கவில்லை, எனக்கு அவ்வளவு பெருந்தன்மை உண்டு.

மனைவி பெயர் மங்கையர்க்கரசி. தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை, இப்போது விடுப்பில் இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். நான் என்ன சொன்னாலும் 'சரி' என்பாள். எங்களுக்குள் இதுவரை ஒரு கருத்து வேறுபாடுகூட வந்ததில்லை.

பிரச்சினை மாமனாரிடமிருந்துதான் தொடங்கியது. குழந்தை பிறந்த அன்றைக்கு நான் அறுவை அரங்கின் வாசலில் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். சிரிக்காதீர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நடக்கப்போகிற நிகழ்வு, அளக்க வேண்டாமா? முதல் அழுகை கேட்ட நேரம், காலை பத்து மணி, நாற்பத்திரண்டு நிமிடம், பதினேழு விநாடி. மேசையிலிருந்து கதவுவரை ஒலி வந்து சேரும் நேரத்தைக்கூடக் கழித்துப் பார்த்தேன். அது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனாலும் கழித்தேன். அதைத் தாளில் எழுதி மாமனார் கையில் பெருமையாகக் கொடுத்தேன். அவர் அப்படியே ஜோசியரிடம் கொண்டுபோய்விட்டார். ஜோசியர் நாற்பது வருட அனுபவத்தில் இப்படியொரு துல்லியமான நேரத்தைப் பார்த்ததே இல்லையாம். "மாப்பிள்ளைக்கு நம்பிக்கை இல்லேன்னீங்களே, இவ்வளவு கரெக்டா எழுதியிருக்காரே" என்று எனக்கு ஒரு வெற்றிலைத் தாம்பூலம் கொடுத்தனுப்பினார். இந்த மாவட்டத்திலேயே பிழை வரம்பு குறைவான ஜாதகம் என் மகளுடையதுதான். மூடநம்பிக்கை எதிர்ப்பு மாநாட்டில் இதைச் சொல்லாதீர்கள், நான் அந்த இயக்கத்தின் மாவட்ட இணைச் செயலாளர்.

அசுவினி நட்சத்திரமாம். சு, சே, சோ, ல. இந்த நான்கு எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டுமாம். நாலாயிரம் கோடி கோடி நட்சத்திரம் இருக்கும் பிரபஞ்சத்தில் என் மகளுக்கு நான்கே எழுத்து. நான் மாமனாரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பூமியின் அச்சு அசைவதிலிருந்து தொடங்கி, இரண்டாயிரம் வருடத்தில் ராசிகள் எப்படி நகர்ந்துவிட்டன என்பதுவரை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மோர் குடிக்கிறீங்களா மாப்பிள்ள?" என்றார்.

முப்பதாம் நாள் அவர்கள் வீட்டில் பெயர் சூட்டும் சடங்கு வைத்தார்கள். நான் போகவில்லை. கொள்கை. அன்றைக்குத்தான் எங்கள் அறிவியல் மன்றத்தில் 'சடங்குகளின் பின்னால்' என்று நான் பேசினேன். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது மங்கை ஜாங்கிரி எடுத்து வைத்திருந்தாள், சாப்பிட்டேன். ஜாங்கிரி எந்த நம்பிக்கையையும் சேர்ந்ததல்ல. அங்கே குழந்தையின் காதில் என்னவோ சொல்லியிருக்கிறார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. காதில் சொல்வதெல்லாம் பெயராகிவிடுமா? என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: பதிவு செய்யாத அளவீடு அளவீடே அல்ல. பெயரும் அப்படித்தான்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு மாறுதல் வந்தது. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அறுபது மாணவருக்கு இரண்டு கால்வனாமீட்டர், அதிலும் ஒன்றின் முள் அசையாது என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். பத்து நாளில் 'நிர்வாக நலன் கருதி' நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரிக்குப் போடப்பட்டேன். அங்கே கால்வனாமீட்டரே இல்லை. ஆகவே குறை சொல்ல வழியில்லை. நிர்வாகத்தின் நலன் எப்படிக் காக்கப்பட்டது பாருங்கள்.

காலை ஐந்து பத்து பஸ். மாறி இன்னொரு பஸ். இரவு எட்டரைக்கு வீடு. குழந்தை ஏழரைக்குத் தூங்கிவிடுகிறாள். சனிக்கிழமை பாதி நாள் கல்லூரி, மீதி நாள் அறிவியல் மன்றம். அவள் விழித்திருக்கும்போது நான் வீட்டில் இருக்கக்கூடியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அதற்காக நான் கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். வரைபடத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன், ஃபிரிட்ஜ் கதவில். பால் எத்தனை முறை, தூக்கம் எத்தனை மணி, அழுகை எத்தனை நிமிடம் என்று மங்கை தினமும் குறிக்க வேண்டும், நான் ராத்திரி வந்து பார்ப்பேன். ஆச்சரியமான குழந்தை சார். பால் எட்டு முறை, தூக்கம் பதினான்கு மணி நேரம், அழுகை நாற்பது நிமிடம். நான்கு மாதமாக ஒரு எண்கூட மாறவில்லை. கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் போகிறது. இவ்வளவு சீரான குழந்தையைப் பற்றி நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. மங்கையிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

ஒரே ஒரு விஷயம்தான் என்னை உறுத்தியது. நான் கூப்பிட்டால் குழந்தை திரும்ப மாட்டாள். 'பாப்பா' என்பேன், 'ஏய் குட்டி' என்பேன். ஃபேனைப் பார்ப்பாள். மங்கை அடுக்களையிலிருந்து மெதுவாக 'சுடரு' என்றால் போதும், கழுத்தை முழுக்கத் திருப்பிச் சிரிப்பாள். வீட்டில் ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள் சார், மைத்துனி 'குண்டூஸ்' என்பாள், மாமனார் 'ஆத்தா' என்பார், மங்கைக்குச் 'சுடர்'. நான் இதை ஆராய்ந்தேன். என் குரல் ஏறக்குறைய நூற்றிருபது ஹெர்ட்ஸ். மங்கையின் குரல் இருநூற்றுப் பத்து. குழந்தைக்குக் கீழ் ஸ்தாயி கேட்கவில்லை என்பது என் முடிவு. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "காது அருமையா இருக்கு. வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிட்டுப் பாருங்க" என்றார். நானும் வீட்டில் கூப்பிடுவது போலவே 'பாப்பா' என்றேன். அவருடைய மேஜை விசிறியைப் பார்த்தாள். கருவி சரியில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள். நல்ல பழக்கம். கேட்பவர்கள் குறைந்துவிட்ட காலம் இது.

சரி, பெயருக்கு வருகிறேன். மாறுதலை ரத்து செய்ய வேண்டும். அதற்கு மனு. மனுவுக்குச் சிபாரிசு. இங்கே கட்சியின் மாவட்டச் செயலாளரைச் சுருக்கமாக 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியும்தானே? 'மாவட்டம் குளிச்சிட்டிருக்கு', 'மாவட்டம் தூங்குது, அப்புறம் வாங்க.' ஒரு மனிதர் முழு நிலப்பரப்பாக மாறுவதை நான் அங்கேதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. முப்பத்தொரு ஞாயிறு சார், எண்ணி வைத்திருக்கிறேன். எதற்காக என்கிறீர்கள்? குழந்தையோடு இருக்கத்தான். ஊருக்கே மாறுதல் கிடைத்துவிட்டால் தினமும் சாயங்காலம் நாலரைக்கு வீட்டில் இருப்பேன்.

மாவட்டம்தான் வழி சொன்னார். "அறிவியல் மையம் திறக்க அமைச்சர் வர்றாரு. பிள்ளைய அவர் கையில குடுத்து ஒரு பேரு வைக்கச் சொல்லுங்க. அவரு பேரு வெச்ச பிள்ளைன்னா அப்பன் வெளியூர்ல கெடக்க விடுவாரா சார்?" நான் யோசித்தேன். ஜோசியர் வைத்தால் மூடநம்பிக்கை. பொதுமேடையில் ஒரு மக்கள் பிரதிநிதி வைத்தால் அது ஜனநாயகம். வித்தியாசம் உங்களுக்குப் புரிகிறது அல்லவா? மங்கையிடம் சொன்னேன். "அமைச்சரா?" என்றாள். அப்புறம் "சரி".

அமைச்சர் ஜூலையில் வருவதாக இருந்தது, இடைத்தேர்தல் வந்துவிட்டது. நவம்பரில் மழை. ஜனவரியில் கட்சியின் மூத்தவர் ஒருவர் இறந்துபோனார். நான் காத்திருந்தேன். கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

அறிவியல் மையத் திறப்பு விழா. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், உள்ளே கம்ப்யூட்டருக்கு மாலை. அமைச்சரின் உரையை எழுதிக் கொடுத்தது நான்தான், தலைப்பு 'அறிவியல் மனப்பான்மை'. மாடியில் புதுத் தொலைநோக்கி. பகல் பதினொரு மணிக்கு நட்சத்திரம் ஏது? எதிரே நகராட்சித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற மாதிரி நான் திருப்பி வைத்திருந்தேன். தொட்டியில் உட்கார்ந்திருக்கும் காக்கையின் கண்கூடத் தெரியும். நான் கீழே வரவேற்புக்குப் போன நேரத்தில் யாரோ ஒரு பக்திமான், எல்லாக் கருவிக்கும் வைத்தது போல, தொலைநோக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். குழாய்க்கு வைத்திருக்கலாம். நெற்றி என்று நினைத்து லென்சுக்கு வைத்துவிட்டார். தாராளமான கை, லென்சு முழுக்க ஒரு பூச்சு.

அமைச்சர் குனிந்து பார்த்தார். எங்கும் சிவப்பு. நிமிர்ந்தார். "செவ்வாய் நல்லாத் தெரியுதே" என்றார்.

கைதட்டல் சார். மாவட்டம் பார்த்தார், "ஆமா தலைவரே, செவ்வாயேதான்" என்றார். கலெக்டர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அமைச்சர் என் பக்கம் திரும்பி, "என்ன புரபசர், செவ்வாய்தானே?" என்றார்.

பத்தொன்பது வருடமாக வகுப்பில் நின்று, கண்ணால் காண்பதை மட்டும் சொல் என்று கத்துகிறவன் நான். மனு என் சட்டைப்பையில் இருந்தது.

"ஆமாங்கய்யா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இன்னைக்கு ரொம்ப அருகில் இருக்குங்கய்யா" என்று வேறு சொன்னேன்.

அடுத்து மேடையில் பெயர் சூட்டல். என் மகளுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள். முதலாவதற்கு வெற்றிச்செல்வி. இரண்டாவதற்கும் வெற்றிச்செல்வி. உதவியாளர் காதில் ஏதோ சொன்னதும், "சரி, வெற்றிச்செல்வன்" என்று திருத்தினார், அது பையன். மூன்றாவது நாங்கள். மங்கைதான் குழந்தையைத் தூக்கி வந்து என்னிடம் தந்தாள், மேடையேற மறுத்துக் கீழேயே நின்றுகொண்டாள். அமைச்சர் வாங்கி, மைக்கில் மூன்று முறை 'வெற்றிச்செல்வி' என்றார். குழந்தை மைக்கைக் கடிக்கப் போனாள். உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கிய நேரத்தில் கீழேயிருந்து மங்கை "சுடர்" என்றாள். மெதுவாகத்தான். அந்தக் கூட்டத்திலும் மகள் வெடுக்கென்று திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள். அமைச்சர் சிரித்து, "பாப்பாவுக்கு அம்மா வெச்ச பேருதான் புடிக்குது போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அமைச்சர் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும்.

மனுவைக் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார். மாவட்டம் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தப் பேரை ரெஜிஸ்டர் பண்ணி, சர்டிபிகேட் நகல் கொண்டாங்க. மனுவோட பின் பண்ணி அனுப்புறேன், நிக்காம ஓடும்" என்றார். அதற்காகத்தான் இன்று ஒரு நாள் விடுப்பு. காலையில் மங்கையிடம் இங்கே வருவதாகச் சொன்னேன். "சரி. ஆதார் எடுத்துக்கிட்டீங்களா? கூட்டமா இருக்கும், சீக்கிரம் போய் டோக்கன் வாங்குங்க" என்றாள். குடையும் எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "ஜன்னல்ல என்ன சொல்றாங்களோ நல்லாக் கேட்டுட்டு வாங்க" என்றாள். தபால் நிலையத்துக்காரி பாருங்கள், எந்நேரமும் படிவ ஞாபகம்தான். போன மே மாதம் நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோதும் இப்படித்தான், செல்வமகள் சேமிப்புக் கணக்குக்கு அது இது என்று நாலைந்து தாளை நீட்டினாள். ராத்திரி முந்நூறு விடைத்தாளுக்கு நடுவில் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டேன்.

நாற்பத்தேழு என்றார்களா? என்னைத்தான். இந்தக் குடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார், வந்துவிடுகிறேன்.

*

வந்துவிட்டேன். நான்கு நிமிடம்தான். என் சராசரியைக் கெடுத்துவிட்டார்கள்.

இல்லை, வேலை முடியவில்லை. முடிந்துதான் இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு முன்பே.

அந்த அம்மா பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பேரு ஏற்கெனவே சேர்த்தாச்சே சார்" என்றார். இருக்க முடியாது என்றேன். தந்தையின் ஒப்புதல் இல்லாமல் எப்படிச் சேர்ப்பீர்கள், யார் சேர்த்தது என்று குரலை உயர்த்தினேன். நூற்றிருபது ஹெர்ட்ஸில்தான். அவர் எழுந்துபோய் பழைய விண்ணப்பக் கட்டு ஒன்றை எடுத்து வந்து பிரித்து, என் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்கதான் சார்."

மே மாதம் ஒன்பதாம் தேதி. விண்ணப்பதாரர்: தந்தை. என் கையெழுத்து சார், சிவப்பு மையில். விடைத்தாள் திருத்துகிற பேனா. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்திருக்கிறேன், தேர்ச்சி பெற்றவர்களுக்கு இழுப்பது போல. படிக்காமல் எழுதிய அளவீட்டுக்கு என் வகுப்பில் பூஜ்யம்தான்.

சுடர்க்கொடி.

ஜோசியர் கேட்ட எழுத்தில்தான் தொடங்குகிறது, மாமனார் சந்தோஷப்பட்டிருப்பார். நல்ல தமிழ், எந்தக் கட்சிக்காரரும் குறை சொல்ல மாட்டார். என் முனைவர் பட்டம் எதில் தெரியுமா சார்? ஒளியியலில். கல்யாணமான புதிதில் மங்கை கேட்டாள், அப்படியென்ன அதில் ஆராய்ச்சி என்று. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன் சுடரில் எத்தனை நிறம் இருக்கிறது என்று ராத்திரி முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் மறந்துவிட்டேன். எல்லாரையும் கணக்கில் எடுத்திருக்கிறாள் சார். என்னையும்.

சேமிப்புக் கணக்குக்குப் பிறப்புச் சான்று வேண்டும், சான்றில் பெயர் வேண்டும். இது எந்தக் கழுதைக்கும் புரியும்.

அந்த அம்மா கேட்டார், "மாத்தணுமா சார்? மாத்தணும்னா கெசட்ல போட்டுட்டு வரணும். சீக்கிரம் சொல்லுங்க, ஆள் நிக்குது." மாவட்டத்துக்கு வேண்டியது வெற்றிச்செல்வி. கெசட்டில் போட்டால் இரண்டு மாதம், அதன்பின் தினமும் நாலரைக்கு வீடு. நான் வாயைத் திறந்தேன். "ஒரு நகல் மட்டும் குடுங்க" என்றுதான் வந்தது. இதோ, கையில்.

இருங்கள், போன். மாவட்டத்தின் உதவியாளர். சான்றிதழ் ஆயிற்றா என்று கேட்பார்.

அடிக்கட்டும்.

எடுத்தால் 'ஆமாங்கய்யா' என்றுதான் சொல்வேன் சார். அந்த வாய் எனக்குத் தெரியும், செவ்வாயையே பார்த்த வாய். அதனால்தான் எடுக்கவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நின்றுவிட்டது.

மணி பன்னிரண்டே கால். புதன்கிழமை பன்னிரண்டே காலுக்கு என் மகள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற எண்களை இனி நான் நம்பத் தயாராக இல்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்கவே இல்லை பாருங்கள். அப்பா பெயர் என்ன?

வன்னியநாதனா. நல்ல பெயர். எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போகும் முன் ஒரு உதவி சார். நான் ஒரு தடவை கூப்பிடுகிறேன், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். சுடர். இல்லை, வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல் இருக்கிறது. சுடரு.

இதற்குத் திரும்புவாளா?